இந்த சைட்போர்டு நிஜமாகவே 1790-ஐச் சேர்ந்ததா?

ஓரப்பலகை என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

டைனிங் ரூமுக்குப் பழைய சைட்போர்டு (சுவரோரம் போட்டுக் கரண்டி, பாத்திரம் வைக்கும் நீள மேசை அலமாரி) ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். பார்த்ததில் ஒன்று மனதில் உட்கார்ந்துவிட்டது. மஹோகனி. முன்பக்கம் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. முன்னால் நான்கு கால், பின்னால் இரண்டு, எல்லாமே கீழே போகப் போக மெலிகின்றன. நடுவில் நீளமான டிராயர், வலது பக்கம் கதவு. இடது பக்கம் ஆழமான ஒரு டிராயர், உள்ளே சாம்பல் நிறத் தகடு அடித்திருக்கிறது.

விற்பவர் "ஷெரட்டன் கையால் செய்தது, 1790" என்று அடித்துச் சொல்கிறார். விலையும் அந்தப் பெயருக்குத் தகுந்த மாதிரிதான். மேல்பலகையில் இரண்டு வெள்ளை வட்டம், ஒரு ஓரத்தில் வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள், எழும்பி நிற்கிறது. வாங்கினால் உப்புத்தாள் போட்டு முழுக்கத் தேய்த்துப் புது பாலிஷ் அடித்துவிடலாம் என்று யோசனை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உளிமுனை பதில்:

முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். அதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

"ஷெரட்டன் கையால்" என்று ஒருவர் சொன்னாலே நான் உஷாராகிவிடுவேன். இங்கிலாந்தின் மரச்சாமான் வடிவமைப்பாளர் தாமஸ் ஷெரட்டன் (1751–1806) பெயர் வாங்கியது வரைபடங்களால். 1790-களில் அவர் வெளியிட்ட டிசைன்களைப் பார்த்துப் பல பட்டறைகள் செய்தன. அவரே செய்தது என்று உறுதியாகக் கைகாட்ட ஒரு மரச்சாமான்கூடக் கிடையாது. அதனால் அந்தப் பெயர் ஒரு பாணியைத்தான் சொல்கிறது. அந்தப் பாணி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மறுபடி மோஸ்தராகி, 1910 வாக்கு வரை ஏராளமாகச் செய்து தள்ளினார்கள். வளைந்த முகப்பு, ஆறு கால், தகடு அடித்த பாட்டில் டிராயர், எல்லாமே அவற்றிலும் உண்டு.

முன்பக்கத்தை ரசித்தது போதும். டிராயரை முழுசாக வெளியே எடுத்துப் பக்கவாட்டைப் பாருங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடத்தில் புறாவால் போல விரிந்த பற்கள் கோத்திருக்கும், நம் ஆட்கள் டவ்டெயில் என்பார்கள். கையால் அறுத்தது என்றால் ஒரு பல் அகலம், அடுத்தது கொஞ்சம் குறுகல் என்று இருக்கும். இடையில் வரும் ஆப்புகள் ஊசி மாதிரி மெல்லிசு. எந்த ஆழம் வரை அறுப்பது என்று தச்சர் கீறிய கோடும் அழியாமல் தெரியும். பல்லும் இடைவெளியும் ஒரே அகலத்தில் அச்சடித்தது போல இருந்தால் அது மெஷின் வேலை. அப்போது 1790 பேச்சே கிடையாது. ஒரு எச்சரிக்கை: நல்ல பட்டறைகள் 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்திலும் கையால் அறுத்தார்கள். கை வேலையாக இருப்பதால் மட்டும் பழசு ஆகிவிடாது.

அதனால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள், யாரும் கை வைக்காத ஒன்றாக இருக்கட்டும். 1840-களுக்கு முந்தைய ஸ்க்ரூவுக்கு நுனி மொட்டையாக இருக்கும், தலையில் உள்ள வெட்டும் பெரும்பாலும் நடுவில் இருக்காது. கூர் நுனி அதற்குப் பிறகு வந்தது. பின்பலகையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் ரம்பத் தடம் தெரியும். நேர்கோடாக இருந்தால் கை ரம்பம், வளைவு வளைவாக இருந்தால் வட்ட ரம்பம், அதாவது 19-ஆம் நூற்றாண்டு வேலை. கைப்பிடிக்குப் பின்னால் டிராயரின் உட்பக்கம் அடைத்த ஓட்டைகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பிடிகள் மாற்றப்பட்டவை.

சாய்வுமேசை பதில்:

உளிமுனை சார் சொல்வது சரிதான், ஆனால் வயதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். டேப்பை எடுத்து அளங்கள். இந்த ரகம் 90 செ.மீ. உயரத்தைச் சுலபமாகத் தொடும், ஆழமும் 60-ஐ நெருங்கும். மேசைக்கும் சைட்போர்டுக்கும் நடுவில் 90 செ.மீ. இல்லாவிட்டால், நாற்காலியைப் பின்னால் தள்ளிய பிறகு யாரும் டிராயரைத் திறக்க முடியாது.

என்னிடம் இருப்பது 1960-களின் டேனிஷ் தேக்கு. தாழ்வானது, ஆழம் 45 செ.மீ.தான். கதவு பக்கவாட்டில் நகரும், அதனால் இடத்தை அடைப்பதில்லை. அந்தக் காலத்து ரோஸ்வுட் பக்கம் போவதாக இருந்தால் மட்டும் கவனம். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகக் காகிதம் இல்லாமல் முடியாது.

ஓரப்பலகை:

போய்ப் பார்த்துவிட்டேன். டவ்டெயில் எல்லாம் ஒரே அளவு. கதவுக் கீலில் இருந்த ஸ்க்ரூ கூர் நுனி, வெட்டு சரியாக நடுவில். பின்பலகையில் வளைவுத் தடம். கைப்பிடிக்குப் பின்னால் அடைத்த ஓட்டை ஒன்றும் இல்லை. விற்பவர் முகம் அவ்வளவு நன்றாக இல்லை! அப்படியென்றால் விட்டுவிடலாமா?

உளிமுனை:

ஏன் விடவேண்டும்? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் 1900-ஐ ஒட்டிய வேலை. நூறு வருடம் தாண்டியிருந்தால் ஆன்டிக் என்று சொல்லிக்கொள்ளவும் தடையில்லை. பிடி மாற்றாமல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அது அபூர்வம். 1790 விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது உப்புத்தாளுக்கு வருவோம். அந்தக் காலத்து வெனீர் பெரும்பாலும் கத்தியால் சீவியது, ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டினால் அடியில் உள்ள மட்ட மரம் பல்லிளிக்கும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. வெள்ளை வட்டத்துக்கு அது தேவையும் இல்லை. ஈரம் பாலிஷுக்குள் மாட்டிக்கொண்டதுதான் அந்த வெள்ளை. மரம்வரை போயிருந்தால் கறுத்திருக்கும். கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். அப்படியானால் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்து, கையில் ஈரமே தெரியாத அளவுக்கு ஆன பிறகு, வட்டத்தின் மேல் நிற்காமல் லேசாக வீசிவிடுங்கள். ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் பாலிஷ் கையோடு வந்துவிடும்.

எழும்பிய ஓரத்துக்கு வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) போதும். பழைய பசையும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும், சூடு பட்டால் இளகும். அடியில் சேர்ந்த தூசியை மெல்லிய கத்தியால் எடுத்துவிட்டு, சூடான வச்சிரத்தை உள்ளே செலுத்தி, மெழுகுத்தாள் வைத்து, மேலே பலகையும் கிளாம்ப்பும் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். வெள்ளைப் பசை வேண்டாம், பின்னால் யாராவது கழற்ற வேண்டியிருந்தால் படாத பாடு படுவார்கள்.

ஓரப்பலகை:

தகடு அடித்த டிராயரில் கரண்டி, நாப்கின் வைக்கலாம்தானே?

உளிமுனை:

கூடாது. அந்தத் தகடு அநேகமாகக் காரீயம், உடம்புக்கு விஷம். தேய்க்கவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துக் கையைக் கழுவுங்கள். மூடிய பாட்டில் வைப்பதாக இருந்தால் அடியில் ஒரு தட்டு போட்டு வையுங்கள். கரண்டிக்கு நடு டிராயர் இருக்கிறதே.