ஆங்கிலக் கேள்வியில் பிரெபோசிஷன் ('ஃபார்' போன்ற முன்னிடைச்சொல்) முன்னாலா, கடைசியிலா?

கேள்வி: 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' சரியா, 'ஃபார் ஹூம் ஆர் யூ வெயிட்டிங்?' சரியா? கடைசியில் விடக் கூடாது என்கிறார்களே?

பதில் 1: இரண்டும் சரி. பேச்சுக்கு முதலாவது, இரண்டாவதில் விறைப்பு அதிகம். ஃபாரை முன்னே கொண்டுபோனால் 'ஹூ' போய் 'ஹூம்' வரவேண்டும். கடைசியில் விடுவதை 1672-இலேயே கவிஞர் டிரைடன் குறை சொன்னார். இன்றைய இலக்கண நூல்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பதில் 2: நாம் சறுக்குவது வேறிடத்தில். தமிழில் 'யாருக்காக' என்று எல்லாம் கேள்விச்சொல்லோடு ஒட்டிவிடுவதால், 'ஹூ ஆர் யூ வெயிட்டிங்?' என்று ஃபாரை விழுங்கிவிடுகிறோம். முதலில் பதிலை எழுதிப் பாருங்கள்: 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் ரவி.' ரவியை எடுத்தாலும் ஃபார் அங்கேயே நிற்கும். முன்னும் பின்னும் இரண்டு ஃபார் போடுவதும் பிழைதான்.

பதில் 3: 'சின்ஸ் வென்' (எப்போதிலிருந்து) பிரியாது, முன்னால்தான். 'வாட் இஸ் இட் லைக்?' (அது எப்படி இருக்கும்?) என்பதில் லைக் நகரவே நகராது.