ரெட் ஸ்டீல் 2 டிஸ்க் யார்ட்டயாவது இருக்கா?

அண்ணாச்சிமாரே, ஒரு உதவி வேணும்.

எங்க அத்தான் வச்சிருந்த பழைய நிண்டெண்டோ வீ கேம் கன்சோல் இப்ப பாளையங்கோட்டைல நம்ம வீட்டுக்கு வந்திருக்கு. கூடவே ரெட் ஸ்டீல் டிஸ்க்கும். 2006 நவம்பர்ல அந்த கன்சோலோடயே வெளியான யுபிசாஃப்ட் கேம். ரிமோட்ட நீட்டுனா துப்பாக்கி, வீசுனா வாளுன்னு அப்ப ஒரே பேச்சு.

ஆடிப் பாத்தா சப்புன்னு இருக்கு. திரும்பணும்னா குறியத் திரை ஓரம் வரைக்கும் தள்ளணும், அதுக்குள்ள நம்மளச் சுட்டுத் தள்ளிருதானுவ. வாள் சண்டை அத விட மோசம். நாம வீசுற வாக்குல வாள் போகாது. கை எந்தப் பக்கம் அசைஞ்சுதுன்னு குத்துமதிப்பா எடுத்துக்கிட்டு அதுவா ஒரு வெட்டு வெட்டும். ஜப்பான் காட்சியெல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கு, அதயும் சொல்லணும்லா.

டிவி கிட்ட வைக்கிற சென்சார் பார்ல வெறும் அகச்சிவப்பு விளக்குதான், ரிமோட்லதான் கேமரா. நம்மூரு வெயில் டிவி பக்கம் அடிச்சா குறி தாறுமாறா ஆடும்னு ஜன்னலயும் சாத்தியாச்சு. அப்படியும் மேல சொன்ன தொல்லை தீரல. செட்டிங்ஸ்ல எதயாவது மாத்துனா சரியாகுமா?

2010ல வந்த ரெண்டாம் பாகம் நல்லாருக்கும்ங்காங்க. அதுக்கு மோஷன் பிளஸ், அதான் கை அசைவ இன்னும் துல்லியமா பிடிக்க ரிமோட்டுக்கு வர்ற சென்சார், கட்டாயம் வேணும். திருநெல்வேலி, தென்காசி பக்கம் யாராவது ரெண்டயும் வச்சிருக்கியளா? நம்ம கன்சோல் பால் (PAL)ங்கிற வட்டார வகை, வேற வட்டார டிஸ்க் ஓடாது. விலையோட கமெண்ட்ல சொல்லுங்க, நேர்லயே வந்து வாங்கிக்கிடுதேன்.