பிரெஞ்சு ஆட்சி வியட்நாமியக் குடியானவனிடம் எதைப் பறித்தது?

கொக்குவில் ஆசிரியை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிறேன். சென்ற வாரம் வியட்நாமில் பிரெஞ்சு ஆட்சி என்ற பகுதியை எடுத்தேன். 1858இல் பிரெஞ்சுக் கப்பற்படை தா நாங் துறைமுகத்தைத் தாக்கியது, மறு ஆண்டு சைகோன் வீழ்ந்தது, 1862 உடன்படிக்கையால் தெற்கின் மூன்று மாகாணங்கள் கைமாறின, 1884க்குள் நாடு முழுவதும் அவர்கள் பிடிக்குள் வந்தது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போய், 1954 மே 7ஆம் திகதி வடமேற்கு மலைப் பள்ளத்தாக்கான டியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றதோடு பாடத்தை முடித்தேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ரீச்சர், மன்னரும் மந்திரிமாரும் அதிகாரத்தை இழந்தார்கள், அது விளங்குகிறது. வயலில் நின்றவனுக்கு என்ன போனது? அவன் ஏன் மாதக்கணக்காக மலையேறி அரிசி சுமந்தான்?" என்று கேட்டாள்.

வரிச்சுமை என்று ஒரு சொல்லைக் கூறி அவளை இருத்திவிட்டேன். அது விடையாகாது என்பது அவளுடைய முகத்திலேயே தெரிந்தது. அடுத்த வகுப்பில் அவளுக்கு நேராக விடை சொல்ல விரும்புகிறேன். அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

ஆனையிறவான்

ஆசிரியை அவர்களுக்கு, உப்பிலிருந்து தொடங்குங்கள். என் தகப்பனார் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர் என்பதால் இந்தப் பகுதியை நான் வேறு எவற்றையும் விட ஊன்றிப் படித்திருக்கிறேன்.

1897இல் போல் டூமே என்பவர், வியட்நாமும் அடங்கிய பிரெஞ்சு இந்தோசீனாவின் மகாதேசாதிபதியாக வந்தார். பின்னாளில் பிரான்சின் சனாதிபதியாகவும் ஆனவர். பாலமும் புகையிரதப் பாதையும் கட்டப் பணம் வேண்டியிருந்தது. அந்தப் பணத்தைப் பிரான்சிலிருந்து கொண்டுவராமல் அந்த மண்ணிலேயே எடுக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். சுங்கத்தோடு உப்பு, சாராயம், அபின் என்ற மூன்றும் அரசின் ஏகபோகமாயின. உப்பு விளைவிப்பவன் அரசு குறித்த விலைக்கு அரசிடம் மட்டுமே விற்கலாம். அதே உப்பை அவனுடைய மனைவி வரியும் சேர்ந்த விலைக்குக் கடையில் வாங்க வேண்டும். வியட்நாமில் உப்பு சுவைக்காகப் போடும் ஒரு சிட்டிகை அன்று. மீனையும் உப்பையும் மரப்பீப்பாயில் அடுக்கடுக்காக இட்டு மாதக்கணக்காக ஊறவைத்து வடிக்கும் நுவொக் மாம் என்ற சாறு இல்லாமல் அங்கே ஒரு வேளைச் சோறு இறங்காது. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் போடுகின்ற எங்கள் வீடுகளில் எவ்வளவு உப்புச் செலவாகும் என்பதை உங்கள் மாணவி தன் அம்மாவிடம் கேட்டால் போதும், உப்பின் விலை ஏறுவது என்றால் என்ன என்று விளங்கிவிடும்.

சாராயத்தின் கதை இன்னும் கொடியது. ஒவ்வொரு கிராமத்திலும் அரிசியைப் புளிக்கவைத்து வீட்டிலேயே வடிப்பார்கள். கலியாணத்துக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக முன்னோருக்குப் படைப்பதற்கும் அது வேண்டும். பிரெஞ்சு அரசு அதனைக் குற்றமாக்கியது. வடக்கிலும் நடுப்பகுதியிலும் வடித்து வழங்கும் உரிமையை ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் கையில் கொடுத்தது. ஆலைச் சாராயத்தில் அரிசியின் மணம் இல்லை, சனங்கள் அதை விரும்பவில்லை. ஆகவே தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வாங்குமாறு ஊர்த் தலைவர்களை நெருக்கினார்கள். சுங்க அதிகாரிகள் வீடு புகுந்து அடுப்படியைக் கிளறினார்கள், கொல்லையைத் தோண்டினார்கள். பகைவன் ஒருவன் இரவில் உங்கள் காணியில் ஒரு பானையைப் புதைத்துவிட்டுக் காட்டிக்கொடுத்தாலும் தண்டம் கட்டுபவர் நீங்கள்தான். திவச நாளில் படையல் போட்டிருக்கும் வீட்டுக்குள் அப்படி நாலு பேர் நுழைவதை நினைத்துப் பாருங்கள். எங்கள் நாட்டிலும் ஆங்கிலேயர் சாராயக் குத்தகையை ஏலம் விட்டு வருமானம் தேடினார்கள். ஆனால் இவ்வளவு பேர் இத்தனை போத்தல் வாங்கியே தீர வேண்டும் என்று ஊர்களை நெருக்கியதை நான் இங்கே கேள்விப்பட்டதில்லை.

இவற்றோடு தலைவரியும், வீதி போடக் கட்டாய வேலையும். 1908இல் நடுப்பகுதியில் குவாங் நாம் மாகாணத்து விவசாயிகள் வரியையும் கட்டாய வேலையையும் குறைக்கும்படி கேட்டுத் திரண்டார்கள். பல மாகாணங்களுக்கு அது பரவியது. வன்முறையை வெளிப்படையாக எதிர்த்துவந்த அறிஞர் பான் சூ திரின் கூட அதன் பெயரில் கைதாகிக் கொன் தாவோ தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். மனுக்கொடுத்துக் கேட்பவனுக்கு இதுதான் கிடைக்கும் என்று நாட்டுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

பருத்தித்துறை வாசகர்

ஆனையிறவான் எழுதியதோடு உடன்படுகிறேன். ஆனால் தமிழராகிய நாங்கள் இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்றைத் தாண்டிப் போகக் கூடாது. தெற்கு வியட்நாமில் அந்த ஆட்சி இயந்திரத்தின் பற்களில் சில தமிழ் பேசின.

புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சின் கையில் இருந்தமையால் அங்கிருந்து பலர் சைகோனுக்குப் போனார்கள். 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தமது சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. கொச்சின்சீனா எனப்பட்ட தெற்கு வியட்நாமில் வாக்குரிமையும் கிடைத்தது. அந்த மண்ணின் மைந்தர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இல்லாத உரிமை அது. எழுதுவினைஞராகவும் காவலராகவும் வரி சேர்ப்பவராகவும் இவர்கள் வேலை பார்த்தார்கள். செட்டிநாட்டார் வட்டிக்குப் பணம் கொடுத்தார்கள். 1930களில் நெல்விலை சரிந்தபோது கடன் பத்திரங்களுக்குப் பின்னால் இருந்த வயல்கள் கைமாறின. தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். மேக்கொங் கழிமுகத்து விவசாயி ஒரு பிரெஞ்சுக்காரரை ஆண்டுக்கு ஒருமுறை கண்டிருந்தாலே பெரிது. அவன் அடிக்கடி கண்ட முகங்கள் நிலக்கிழாரும், கிராம அதிகாரியும், சில இடங்களில் எங்கள் ஆட்களும்தான். இதனைக் குற்றப்பத்திரிகையாக எழுதவில்லை. பால் விற்றும் கடைவாசலில் காவல் இருந்தும் பிழைத்த ஏழைத் தமிழர் பலர் அங்கிருந்தார்கள். சைகோனில் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாமியர்கள் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுகிறார்கள்.

எங்கள் தீவுக்கும் இதில் ஓர் இழை உண்டு. 1945இல் யப்பான் சரணடைந்தபோது, வியட்நாமின் 16ஆவது பாகைக்கு வடக்கே சீனப் படையும் தெற்கே நேசநாடுகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகமும் யப்பானியரின் ஆயுதங்களைக் களைய வேண்டும் என்று ஏற்பாடு. அந்தக் கட்டளையகம் அப்போது கண்டியில் இருந்தது. செப்ரெம்பர் 2ஆம் திகதி ஹனோயின் பா தின் சதுக்கத்தில் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்துப் பதினொரு நாள் கழித்து, பிரித்தானிய ஜெனரல் கிரேசி 20ஆவது இந்தியப் படைப்பிரிவின் முன்னணியோடு சைகோனில் இறங்கினார். சிறையிலிருந்த பிரெஞ்சுப் படையினரை விடுவித்து ஆயுதம் கொடுத்தார். 23ஆம் திகதி அவர்கள் நகரின் அரசுக் கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். தோற்றுப்போன யப்பானியப் படையையே ஒழுங்கு காக்கவும் பயன்படுத்தினார்கள். தன் நாட்டுக்கே விடுதலை கிடைக்காத இந்தியச் சிப்பாய், இன்னொரு நாட்டின் விடுதலையை அடக்க நிறுத்தப்பட்டான். நேரு இதனைக் கண்டித்தார்.

கோப்பாய் ஓய்வுநிலை அதிபர்

இரு பதிவுகளும் பயனுள்ளவை. எனினும் உப்பையும் கடனையும் கொண்டு மட்டும் இந்தப் போராட்டத்தை விளக்குவதை நான் ஏற்க மாட்டேன். வயிறு காய்ந்த நாடுகள் பல. அவை எல்லாம் எழுந்துவிடவில்லை. எழுவதற்கு எழுத்து வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

வியட்நாம் நெடுங்காலமாகத் தேர்வெழுதித் தேர்ந்த புலவர்களைப் போற்றிய நாடு. 1885இல் இளவயது மன்னர் ஹாம் ஙி தலைநகரை விட்டு மலைக்குப் போய் எழுச்சிக்கு அழைத்தபோது அந்தப் புலவர்களே ஊர் ஊராகப் படை திரட்டினார்கள். மன்னர் 1888இல் பிடிபட்டு அல்ஜீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அடுத்த தலைமுறையில் பான் பொய் சாவ் 1905 முதல் இளைஞர்களை யப்பானுக்குப் படிக்க அனுப்பினார். 1907இல் ஹனோயில் டொங்கின் இலவசப் பாடசாலை தொடங்கியது. கட்டணமில்லை, பெண்களுக்கும் இடமிருந்தது. ஓர் ஆண்டு தாங்குவதற்குள் அரசு அதனை மூடிவிட்டது. கவனிக்க வேண்டியது அங்கே அவர்கள் வலியுறுத்திய எழுத்து. பாதிரிமார் உருவாக்கிய உரோம வரிவடிவம் அது. அலெக்சாந்தர் த ரோட் 1651இல் அதில் அகராதி அச்சிட்டார். மக்களைச் சீன எழுத்திலிருந்தும் பழைய புலமையிலிருந்தும் பிரிக்க உதவும் என்று பிரெஞ்சு நிருவாகம் அதனை வளர்த்தது. சில மாதங்களில் கற்கக்கூடிய அந்த எழுத்திலேயே துண்டுப்பிரசுரங்கள் வந்தன. தாய்மொழிக் கல்வியையும் பூரண சுயராச்சியத்தையும் ஒரே மூச்சில் கேட்டு, 1931இல் இங்கே அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசை அறிந்தவர்களுக்கு இந்த இணைப்பு புதிதாகத் தோன்றாது.

ஆசிரியைக்கு ஒரு செய்தி சொல்ல மகிழ்ச்சியாக இருக்கிறது. டியன் பியன் பூவில் வென்ற தளபதி வோ ஙுயென் ஜியாப் எந்தப் படைக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். ஹனோயில் ஒரு தனியார் பாடசாலையில் வரலாறு கற்பித்தவர்.

வயிற்றைப் பற்றிப் பேசுவதானால், 1945இன் பஞ்சத்தைப் பேசுங்கள். யப்பானியரும் அவர்களுக்கு அடங்கியிருந்த பிரெஞ்சு நிருவாகமும் நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்தன. நெல்வயலில் சணலும் ஆமணக்கும் போடச் செய்தன. குண்டுவீச்சினால் தெற்கின் அரிசி வடக்கே வர வழியில்லை. வடக்கில் மாண்டவர் தொகை நான்கு இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் வரை பலவாறாகக் கணிக்கப்படுகிறது. ஹோ சி மின் தலைமையிலான வியட் மின் இயக்கம் அப்போது சொன்னது ஒன்றே: களஞ்சியங்களை உடையுங்கள். உடைத்துப் பகிர்ந்த ஊர்கள் அதன் பின்னர் அந்த இயக்கத்தைக் கைவிடவில்லை.

இணுவிலான்

அரிசி சுமந்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் டியன் பியன் பூப் போருக்குப் பொருள் சுமந்தார்கள் என்பது வியட்நாமியக் கணக்கு. சைக்கிள்கள் மட்டும் இருபதாயிரத்தளவில். யாரும் அவற்றில் ஏறி ஓடவில்லை. கைப்பிடியில் ஒரு மூங்கிலைக் கட்டி நீட்டி, இருக்கைக்குப் பின்னால் இன்னொரு தடியைச் செருகி, இரண்டையும் பிடித்தபடி பக்கத்தில் நடந்து தள்ளினார்கள். இருநூறு கிலோவும் அதற்கு மேலும் ஒரு வண்டியில் போனது. ரயர் வெடிக்காமல் இருக்கக் கிழிந்த துணியை உள்ளே சுற்றினார்கள். தொண்ணூறுகளில் விறகுக்கட்டும் மாமூட்டையும் ஏற்றிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த எங்கள் அப்பாமாரிடம் கேட்டால், இறக்கத்தில் பிடித்து நிறுத்துவதுதான் ஏற்றத்தை விடக் கடினம் என்பார்கள்.

பீரங்கிகளையும் கயிறு கட்டி மனிதர்களே மலையில் ஏற்றினார்கள். 1954 சனவரி 25இல் தாக்கக் குறித்திருந்த நாளை, ஆயத்தம் போதாது என்று ஜியாப் கடைசி நேரத்தில் தள்ளிவைத்தார். ஏற்றிய பீரங்கிகளை மறுபடியும் இறக்கவைத்தார். மார்ச் 13இல்தான் தாக்குதல் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் குத்தகைக் குறைப்பும் டிசெம்பரில் நிலச் சீர்திருத்தச் சட்டமும் வந்தன. தள்ளிக்கொண்டு போனவர்களில் பலர் தமக்கென்று ஒரு துண்டு வயல் கிடைக்கும் என்று நம்பிப் போனவர்கள். அதே நிலச் சீர்திருத்தத்தில் குற்றமற்ற பலர் கொல்லப்பட்டார்கள் என்பதையும் 1956இல் வியட் மின்னை வழிநடத்திய கட்சியே தவறை ஒப்புக்கொண்டது என்பதையும் மாணவர்களுக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

கொக்குவில் ஆசிரியை

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. அதிபர் ஐயா எழுதிய பாடசாலையும் ஆனையிறவான் எழுதிய படையலும் நாளைய பாடத்தில் அருகருகே வரும். அவள் நிச்சயம் அடுத்ததாகக் கேட்கப்போவதை இப்போதே கேட்டுவிடுகிறேன். மே 7இல் வென்றவர்கள் யூலையில் ஜெனீவா மாநாட்டில் நாட்டை இரண்டாகப் பிரிக்க ஏன் உடன்பட்டார்கள்?

பருத்தித்துறை வாசகர்

வென்றது ஒரு பள்ளத்தாக்கைத்தான். தெற்கின் நகரங்களும் மேக்கொங் கழிமுகத்தின் பெரும்பகுதியும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. போர்ச்செலவின் பெரும்பங்கை ஏற்கெனவே கொடுத்துவந்த அமெரிக்கா நேரடியாக இறங்கிவிடும் என்ற அச்சமும் இருந்தது. கொரியப் போரில் களைத்த சீனா இன்னொரு போரை விரும்பவில்லை. யூலைத் தொடக்கத்தில் சீனப் பிரதமர் சூ என்லாய் ஹோ சி மின்னைச் சந்தித்து விட்டுக்கொடுக்கச் சொன்னார். எல்லைக் கோட்டைத் தெற்கே 13, 14ஆவது பாகைகளில் கேட்டவர்கள் 17இல் நின்றார்கள். அது தற்காலிகக் கோடு என்றும், 1956 யூலையில் நாடு முழுவதும் தேர்தல் நடக்கும் என்றும் ஜெனீவாவில் சொல்லப்பட்டது. தெற்கின் அரசு அந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை, தேர்தலும் நடக்கவில்லை.

இலங்கையின் பங்கையும் சேர்த்துச் சொல்லலாம். டியன் பியன் பூ முற்றுகையில் இருந்தபோது, ஏப்ரல் 28 முதல் எங்கள் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலையின் அழைப்பில் ஐந்து ஆசியப் பிரதமர்கள் கொழும்பில் கூடி உடனடிப் போர்நிறுத்தம் கேட்டார்கள். அதே அரசாங்கம், நேரு மறுத்த பின்னர், பிரெஞ்சுப் படையினரை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் இலங்கையில் இறங்கிச் செல்ல இடம் கொடுத்தது. இரண்டையும் ஒரே மூச்சில் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். வரைபடத்தில் 17ஆவது பாகையைத் தேடும்போது பென் ஹாய் என்ற சிறிய ஆற்றைக் காட்டுங்கள். கோடு ஓடியது அந்த ஆற்றின் வழியாகத்தான்.