யூஃபோனியத்துக்கு ‘விரிகொம்பு’: ஒரு பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

மேற்கத்திய பித்தளை ஊதுகருவிகளுக்குத் தமிழ்ப் பெயராக, யூஃபோனியத்துக்கு ‘இன்குழல்’, பாரிட்டோனுக்கு ‘இடைக்குழல்’, டியூபாவுக்கு ‘பெருங்குழல்’ என்று நண்பர் முன்வைத்த பட்டியலைப் படித்தேன். ‘குழல்’ என்ற ஈற்றை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. உதட்டதிர்வால் ஒலிக்கும் கருவிக்குத் தமிழில் கொம்பு, தாரை, எக்காளம் என்ற சொற்கள் இருக்க, புல்லாங்குழலை நினைவூட்டும் சொல்லை இதற்கு ஏன் கொடுக்க வேண்டும்?

ஒலி உயரத்தை வைத்துப் பெயரிடுவதும் இங்கே உதவாது. யூஃபோனியம், பாரிட்டோன், டெனார் டிராம்போன் ஆகிய மூன்றிலும் குழாயின் நீளம் ஏறத்தாழ 9 அடிதான். அடிப்படைச் சுரமும் ஒன்றுதான். வேறுபாடு உள்துளையின் வடிவத்தில் இருக்கிறது. டிராம்போனில் ஒரு குழாய் இன்னொன்றின் மேல் வழுக்கி நகர வேண்டியிருப்பதால், பெரும்பகுதி ஒரே விட்டமாக இருந்தே தீர வேண்டும். அதன் ஒலி கணீரென்று வெட்டி நிற்கிறது. யூஃபோனியத்திலோ, அழுத்தினால் காற்றின் வழியை நீட்டும் வால்வுகளைக் கடந்ததும் குழாய் சீராக அகன்றுகொண்டே போய் 11, 12 அங்குல வாயில் முடிகிறது. இந்தக் கூம்பு வடிவத்தால்தான் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேல் சுருதிக்கூறுகள் அடங்கி, ஒலி உருண்டு திரண்டு வருகிறது. பாரிட்டோனின் துளை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எனவே யூஃபோனியத்துக்கு ‘விரிகொம்பு’ என்ற வினைத்தொகையைப் பரிந்துரைக்கிறேன். இனிய ஒலி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான் மூலப்பெயர் என்றாலும், எந்தக் கருவியை வாசிப்பவரும் தம் கருவி இனியது என்றுதான் சொல்வார்.

டியூபா இவற்றைவிடத் தாழ்ந்து ஒலிப்பதால் அதற்கு ‘மந்தரக் கொம்பு’ பொருந்தும். தாழ்ந்த ஒலிநிலையைக் குறிக்கும் ‘மெலிவு’ என்ற பழைய இசைச்சொல் அழகானதுதான். ஆனால் 18 அடிக் குழாயைச் சுருட்டிவைத்த கருவிக்கு அதைச் சூட்டினால் படிப்பவர் சிரிப்பார்.

அடுத்தது, 1874இல் பிரிட்டனைச் சேர்ந்த பிளெய்க்லி காப்புரிமை பெற்ற ‘compensating valve’ அமைப்பு. முதல் வால்வு குழாயோடு ஏறத்தாழ 1.1 அடியையும், மூன்றாவது 1.7 அடியையும் சேர்க்கின்றன. இரண்டையும் ஒன்றாக அழுத்தும்போது சரியான சுரத்துக்குத் தேவைப்படுவதோ 3 அடி. இரண்டரை அங்குலம் போலக் குறைவதால் சுரம் ஏறிவிடுகிறது. நான்காவது வால்வையும் சேர்த்து அழுத்தினால் இந்தக் குறை இன்னும் பெருகும். அந்த நிலையில் காற்றை மீண்டும் ஒருமுறை வால்வுகளின் வழியே திருப்பி, சிறு துணைக்குழாய்களால் அந்தக் குறையை நிரப்புவதே பிளெய்க்லியின் உத்தி. இதற்கு நண்பர் தந்த ‘சமன்செய் வால்வு’ என்ற பெயர் அழுத்தத்தைச் சமப்படுத்துவது போன்ற மயக்கம் தருகிறது. ‘ஈடுகட்டு வால்வு’ என்றால் செய்யும் வேலை அப்படியே விளங்கும்.

உடலைச் சுற்றி அணிந்து வாசிக்கும் டியூபா வகையான சூசபோன், அமெரிக்க இசைக்குழுத் தலைவர் சூசாவின் பெயரால் அமைந்தது. அதை ஒலிபெயர்த்தே எழுதலாம். பாரிட்டோனுக்கு எனக்குத் தோன்றும் ‘ஒடுங்குதுளைக் கொம்பு’ என்பது மட்டும் நீளமாகப் படுகிறது. சுருக்கமான சொல் தோன்றுபவர்கள் எழுதுங்கள்.