பட்டா நிலத்தில் குடும்பக் கல்லறை: 90 மீட்டர் தள்ளியிருந்தால் போதுமா?

கிணத்தடி:
கிராம ஊராட்சிக்குள் 2 ஏக்கர் பட்டா தோட்டம். அதில் 5 சென்ட் ஒதுக்கி வீட்டுப் பெரியவர்களை அங்கேயே அடக்கம் செய்யலாமா? சொந்த இடம்தானே, வீடு, கிணற்றிலிருந்து 90 மீட்டர் தள்ளியிருந்தால் யாரும் கேட்க முடியாது என்கிறார்கள். தாத்தா சமாதியும் அங்கேதான் இருக்கிறது. நாளைக்கு நிலம் கைமாறினால் என்ன ஆகும்?

வக்காலத்து:
90 மீட்டர் கணக்கு பாதி உண்மை. ஊராட்சிகளின் இடுகாடு, சுடுகாடு பற்றிய 1999ஆம் ஆண்டு விதிகளில் 7ஆவது விதியில் அந்தத் தூரம் வருகிறது. எல்லாரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 5ஆவது விதியைப் பாருங்கள்: பொதுவோ தனியாரோ, புதிதாக அடக்க இடம் திறக்க ஊராட்சி உரிமம் வேண்டும். தூரம் இருந்தால் உரிமம் வேண்டாம் என்ற வாதத்தை 2023ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு ஏற்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் தோண்டி எடுக்கவே உத்தரவு வரலாம்.

விண்ணப்பத்தோடு இடத்தின் வரைபடம் வேண்டும். எல்லை, பரப்பு, உரிமையாளர், யார் பராமரிப்பது என எல்லாம் அதில் இருக்கணும். தலைவர் லெட்டர்பேடில் எழுதித் தரும் 'ஆட்சேபனை இல்லை' உரிமம் ஆகாது. தலைவர் பதவியில் இல்லாத ஊராட்சி என்றால் தனி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இதெல்லாம் சாவு விழுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை. ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஏறி இறங்க முடியாது.

தாத்தா சமாதி இருப்பதால் அது பதிவான இடுகாடு ஆகிவிடாது. ஊராட்சிப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

புலப்படம்:
அளந்து பார்த்தால்தான் சிக்கல் புரியும். 90 மீட்டர் என்றால் 295 அடி. அந்த ஆரத்தில் வட்டம் போட்டால் ஏறக்குறைய 6.3 ஏக்கர். 2 ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கமே 90 மீட்டர்தான். நட்ட நடுவில் குழி வெட்டினாலும் வேலி 45 மீட்டரில் வந்துவிடும். மூலையில் வெட்டினால் கேட்கவே வேண்டாம், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு, போர், மோட்டார் ரூமில் குடியிருப்பவர் எல்லாமே கணக்கில் வரும். சர்வேயரை வைத்து புலப்படத்தில் (நிலத்தின் அளவு வரைபடத்தில்) அவற்றையும் குறித்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

பேரூராட்சி:
இது கிராமத்துக்கு. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்குச் சட்டம் வேறு. அங்கேயும் அனுமதி இல்லாமல் நடக்காது. 2024 ஜூலையில், கொலையான பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் உடலை சென்னை பெரம்பூர் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்ய உயர் நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில் தனியார் நிலத்தில்தான் நடந்தது, அதுவும் அனுமதியோடு.

வக்காலத்து:
கைமாறுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 5 சென்ட்டைத் தனி உட்பிரிவு (தனி சர்வே எண்) செய்து, பாகப் பிரிவினையில் பொதுவாக வையுங்கள். தோட்டத்தை விற்கும்போது அந்த உட்பிரிவு நீங்கலாக என்று எழுதுவதோடு, அதற்குப் போகும் பாதையின் அகலத்தையும் நான்கெல்லையையும் சொத்து விவரத்தில் காட்டணும். பாதையை எழுதாமல் விட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கியவர் வேலி போட்டால் திவசத்துக்குக்கூட கேட்டைத் தட்டி நிற்க வேண்டியதுதான். கல்லறை இருப்பதை மறைத்தும் விற்காதீர்கள், சொத்து மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவில் அது விற்பவர் தலையில்தான் விழும்.

கிணத்தடி:
உரிமம் கிடைக்காவிட்டால்?

வக்காலத்து:
ஊராட்சி மயானத்தில் தகனம் செய்துவிட்டு அஸ்தியைத் தோட்டத்தில் வைத்து நினைவுக்கல் நடலாம். விதிகள் பேசுவது சடலத்தைப் பற்றி. எதுவானாலும் இறப்பை 21 நாளைக்குள் பதிந்துவிடுங்கள்.