புதுப்பிப்பு: கஸ்டர்ட் பை இந்த முறை தண்ணீர் விடவில்லை

போன வாரம் இங்கிலாந்து பாணி முட்டை கஸ்டர்ட் பை (மாவுக் கூட்டில் முட்டை, பால் கலவையை ஊற்றி ஓவனில் சுடும் இனிப்பு) செய்து, உள்ளே திரிந்து தண்ணீர் விட்டது, அடிப்பக்கம் சொதசொதவென்று ஆனது என்று எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்தேன். நன்றாக வந்துவிட்டது!

தப்பு சூட்டில்தான். அன்று ஓவனை 190 டிகிரி செல்சியஸிலேயே கடைசிவரை விட்டுவிட்டேன். முட்டையின் புரதம் அளவுக்கு மீறிச் சூடானால் இறுகிச் சுருங்கி, பிடித்து வைத்த நீரை வெளியே தள்ளிவிடும். இந்த முறை வெறும் மாவுக் கூட்டை மட்டும் முதலில் 190இல் சுட்டேன். காகிதம் விரித்து, கொண்டைக்கடலையைப் பாரமாக நிரப்பி 20 நிமிடம். அப்புறம் கடலையை எடுத்துவிட்டு, வெள்ளைக்கரு பூசி இன்னும் 5 நிமிடம். அந்தப் பூச்சுதான் அடிப்பக்கத்தைக் காப்பாற்றியது.

உள்ளே ஊற்றும் கஸ்டர்டுக்கு 3 முட்டை, 3 மஞ்சள் கரு, 75 கிராம் சர்க்கரை, பாலும் க்ரீமும் சேர்த்து 450 மில்லி. நுரை வராமல் கலக்கி, வடிகட்டி ஊற்றினேன். ஜாதிக்காயை அப்போதே துருவித் தூவுங்கள், பொடி வாங்காதீர்கள். அந்த வாசனையே வேறு.

150 டிகிரியில் 40 நிமிடம். ஓரம் இறுகி, தட்டை லேசாக அசைத்தால் நடுவில் மட்டும் உள்ளங்கை அளவு தளும்பியது. அப்போதே வெளியே எடுத்துவிட்டேன். மீதியை உள்சூடே பார்த்துக்கொள்ளும். முழுதாக ஆற 3 மணி நேரம் ஆனது. கத்தி இறங்கிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வெட்டிய முகம் பட்டுப் போல இருந்தது.