பல்லி வால் அறுந்துவிட்டது, அவசரம்

பனியன்காரன் (திருப்பூர்), இரவு 11:40
வேலை முடிந்து வந்து பார்த்தால் பல்லியின் வால் தனியாகக் கிடக்கிறது. ரத்தம் அதிகம் இல்லை. இரண்டு நாளாகத் தீனியும் எடுக்கவில்லை, கண் உள்ளே போன மாதிரி இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணம் வைத்துத்தான் இருக்கிறேன். என்ன மருந்து போடுவது? வாலை ஐஸில் வைத்திருக்கிறேன், ஒட்ட வைக்க முடியுமா?

நொய்யல்கரை
எந்தப் பல்லி தம்பி? சுவரில் ஓடுவதா, தொட்டியில் வளர்ப்பதா?

சின்னக்குயில்
வயது, எடை சொல்லுங்கள். தொட்டியை முழுதாகக் காட்டி ஒரு படம் போடுங்கள்.

செதில்
சுவர்ப் பல்லிக்காக யாரும் நள்ளிரவில் உதவி கேட்க மாட்டார்கள் என்பதால் வளர்ப்புப் பல்லியான கெக்கோ என்று வைத்துக்கொள்கிறேன். இனம், தரை, வெப்பம், தீனி. இந்த நான்கையும் சொல்லாமல் மருந்து கேட்பது, 'எங்கேயோ வலிக்கிறது' என்று மருத்துவரிடம் போய் நிற்பதற்குச் சமம். இதைச் சொல்லிச் சொல்லி என் விரல் தேய்ந்துவிட்டது. வாலைக் குப்பையில் போடுங்கள். அது இனி வளராது, பழகிக்கொள்ளுங்கள்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)
மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அப்புங்கள். கன்றுக்குட்டிக்குக் கொம்பு உடைந்தபோது அதைத்தான் போட்டோம், ஒரே வாரத்தில் ஆறிவிட்டது. எங்கள் மஞ்சளுக்கு 2019-இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

சின்னக்குயில்
குறியீடு குழம்புக்கு அண்ணா, புண்ணுக்கு இல்லை. எண்ணெய் பூசினால் தொட்டியில் இருக்கும் மண்ணெல்லாம் புண்ணில் போய் அப்பிக்கொள்ளும்.

தோப்புக்காரர் (பொள்ளாச்சி)
கண் குழி விழுந்தால் நீர் வற்றியிருக்கிறது. இளநீர் கொடுங்கள். தரைக்குத் தென்னை நார்த்துகள் போடுங்கள், ஈரம் நிற்கும்.

பனியன்காரன், 12:15
லெப்பர்ட் கெக்கோ, ஒன்றரை வயது. எடை பார்த்ததில்லை. தரை மணல்தான், கடையில் அதைத்தான் தந்தார்கள். பல்பு இரவும் பகலும் எரிகிறது, ஆடிக் காற்று அடிக்கிறதே, குளிரக் கூடாது என்று. நேற்றுப் பத்துப் பன்னிரண்டு கிரிக்கெட் பூச்சி விட்டேன், பாதி இன்னும் உள்ளேதான் சுற்றுகின்றன. காலையில் ஒரு மருத்துவரிடம் கேட்டேன், மாடு கன்று என்றால் வாருங்கள் என்று சிரித்தார்.

சின்னக்குயில்
பூச்சி உள்ளே இருப்பதை முதலில் சொல்லியிருக்கலாமே! பசித்த கிரிக்கெட் பூச்சி தூங்கும் கெக்கோவைக் கடிக்கும். அந்தப் பயத்தில் வாலை விட்டிருக்கலாம். இப்போதே ஒன்று விடாமல் பிடித்து வெளியே போடுங்கள்.

வாலுக்குப் பதற வேண்டாம். முறிவதற்கென்றே அந்த எலும்பில் கோடு உண்டு. முறிந்ததும் தசை இறுகி ரத்தக் குழாயை அடைத்துவிடும், அதனால்தான் ரத்தம் இல்லை. லெப்பர்ட் கெக்கோவுக்கு வால் மறுபடி வளரும். உள்ளே எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான்; முள்ளங்கி மாதிரி மொழுக்கென்று இருக்கும். வளராதது கிரஸ்டட் கெக்கோவுக்கு. செதில் அண்ணா இனம் தெரியாமலே தீர்ப்பு எழுதிவிட்டார்.

மணலை அள்ளிவிட்டு வெள்ளை டிஷ்யூ விரியுங்கள். புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடின் மருந்தை வெளிர்த் தேநீர் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து, தினம் ஒரு முறை தொட்டு எடுங்கள். வலி மரக்கும் களிம்பு எதுவும் வேண்டாம்.

எனக்குக் கவலை நீர்தான். விலாத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் சரி, கூடாரம் மாதிரி நின்றால் வற்றிவிட்டது. வாய்க்குள் எச்சில் நூலாக இழுக்கிறதா? எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகக் கட்டியிருக்கிறதா? கிண்ணத்தில் தண்ணீர் இருப்பதால் அது குடிக்கிறது என்று அர்த்தமில்லை. மூக்கு நுனியில் ஒரு சொட்டு வையுங்கள், நக்கும். நக்க நக்க அடுத்த சொட்டு. வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். தயிர் டப்பாவில் வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த டிஷ்யூ போட்டால் அதுவே ஈர அறை. நார்த்துகள் புண் ஆறிய பிறகு. பல்பை இரவில் அணையுங்கள்; வேண்டுமானால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்த ஹீட் மேட் (சூடாகும் விரிப்பு), ஒரு பக்கத் தரை மட்டும் 32 டிகிரி.

கொழுப்புச் சேமிப்பெல்லாம் வாலில்தான் இருந்தது. இனி பட்டினி தாங்காது, எடை பாருங்கள்.

செதில்
கிரஸ்டட்டை நினைத்து எழுதினேன். இனம் சொல்லாததன் விளைவு என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

நொய்யல்கரை
திருப்பூர் போர் தண்ணீரைக் கொடுக்காதே தம்பி, கிண்ணத்தில் வெள்ளையாகப் படியும். சிறுவாணித் தண்ணீர் கிடைத்தால் பிடித்து வை.

தோப்புக்காரர்
ஆரம்பித்துவிட்டார்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். பல்லிக்கும் சிறுவாணியா?

நொய்யல்கரை
பல்லிக்கு இளநீர் சொன்னவர் பேசுகிறார். சிறுவாணியைக் குடித்தவனுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

மஞ்சள்மண்டி
அந்த அணையே கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஊர்ப் பெருமை மட்டும் உங்களுக்கு.

நொய்யல்கரை
மழை எங்கே பெய்தால் என்ன, குழாய் எங்கள் வீட்டில்தானே இருக்கிறது? காவிரியில் காலை நனைத்துக்கொண்டு ஈரோட்டுக்காரர் தண்ணீருக்குப் பேச வந்துவிட்டார்.

சின்னக்குயில்
நீங்கள் மூவரும் தனியாகப் போய் அடித்துக்கொள்ளுங்கள். வெறும் குடிநீர் போதும். தம்பி, நாளைக்கும் நக்கவில்லை என்றாலோ, புண் வீங்கினாலோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உடுமலைக்கோ எடுத்துப் போங்கள். போகும் முன் ஊர்வன பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பனியன்காரன், நான்கு நாள் கழித்து
பூச்சி ஏழு பிடித்தேன். தோல் கூடாரமாகத்தான் நின்றது, இப்போது படிகிறது. சொட்டுத் தண்ணீர் நக்குகிறது, டப்பாவை விட்டு வெளியே வருவதில்லை. நேற்று மூன்று புழு தின்றது. அப்பத்தா மட்டும் சகுனம் சரியில்லை என்று அந்த அறைக்குள் வருவதில்லை. நன்றி அக்கா. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வால் அடியில் கொஞ்சம் கறுத்திருக்கிறது, அது சரிதானே?

சின்னக்குயில்
காய்ந்து கறுத்ததா, ஈரமாகக் கறுத்ததா? நாற்றம் இருக்கிறதா? படம் போடுங்கள்.

சின்னக்குயில், மறுநாள்
தம்பி, படம்?

செதில்
நான் நான்கு விவரம் கேட்டேன், சின்னக்குயில் எடை கேட்டார். எடை இன்னும் வரவில்லை.